செல்லாத ஐந்து

ஞாயிற்றுக்கிழமை. தடா குடியிருப்பு வாசல்.
கம்பெனி சொன்ன நேரம் ஆறே முக்கால்.
ஆறு நாற்பத்து நாலுக்கு மூன்று பேரும் இறங்கி வந்து
காருக்கு அல்ல, எனக்குக் குனிந்தார்கள்.

ஹிரோனகா. அவர் மனைவி சயோகோ.
மகள் மினோரிக்கு எட்டு வயது,
முன்பல் விழுந்த சந்தில் நாக்கை வைத்துக்கொண்டே இருப்பாள்.
முனிரத்தினம் என்ற என் பெயர்
அவர்கள் வாயில் பாதி வழியில் இறங்கிக்கொண்டது:
முனி சான்.
எண்சாண் உடம்புக்கு இன்னொரு சாண்.
சம்பளம்தான் கூடவில்லை, இதாவது கூடட்டும்.

சத்தியவேட்டில் பஞ்சர் கடைத் தெரு வந்ததும்
கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.
ஏசி போட்டால் ஏற்றத்தானே வேண்டும்.
கடையிலிருந்து நாலாவது, மாமியார் வீடு.
மல்லீஸ்வரி போய்த் தொண்ணூறு நாள்.

சுருட்டப்பள்ளி.
பலகையில் தெலுங்கு மேலே, தமிழ் கீழே.
பூக்காரி தெலுங்கில் விலை சொல்லி
தமிழில் குறைத்தாள்.

உள்ளே போகிற வழக்கம் எனக்கில்லை.
சவாரி சாமி பார்க்கும், நான் செருப்பு பார்ப்பேன்.
இருபது தடவை வந்தும்
படுத்திருக்கும் சிவனைக் காலண்டரில் கண்டதோடு சரி.
மினோரி கையைப் பிடித்து இழுத்தாள்.
சயோகோ குனிந்து
நாலு ஜோடியையும் வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.
நாலாவது என்னுடையது,
வார் அறுந்து ஊக்கு குத்தியது.
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை எனக்கு.

விஷம் குடித்த களைப்பில்
கால் நீட்டிக் கிடக்கிறார்.
தலைமாட்டில் அவள் மடி.
எதுவும் கேட்காத மடி என்று தோன்றியது.
நான் குடித்துவிட்டு வந்த ராத்திரிகளில்
மல்லீஸ்வரி கேட்பாள். கேட்டதில் தப்பில்லை.

மினோரி போனில் ஏதோ சொன்னாள்.
போன் தமிழில் கேட்டது:
"இந்தக் கடவுளுக்கு இன்று விடுமுறையா?"
"ஒடம்பு சரியில்ல பாப்பா" என்றேன்.
போன் அதை என்னவாக மாற்றியதோ,
அவள் தன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு
அதே கையை
கர்ப்பகிரகத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் ஹிரோனகா இரண்டு முறை குனிந்து
கை தட்டினார். டப். டப்.
வரிசை மொத்தமும் திரும்பியது.
கற்பூரத் தட்டோடு குருக்கள் அப்படியே நின்றார்.
இங்கே தட்டக் கூடாது சார்.
காதுவரை சிவந்து, மூன்றாம் முறையும் குனிந்தார், மன்னிப்புக்கு.

பிராகாரத்தில் சண்டிகேசுவரர் முன்னால் நம் ஆட்கள்
மெல்லத் தட்டி, உள்ளங்கை விரித்து,
எதையும் எடுத்துப் போகவில்லை என்று
கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.
அவர் முழங்கையைத் தொட்டேன்.
"இங்க தட்டலாம். நல்லாவே தட்டுங்க."
டப். டப்.
அவர் எதற்குத் தட்டினார், நாங்கள் எதற்கு,
சண்டிகேசுவரர் பிரித்துக்கொள்ளட்டும்.

மினோரியிடம் இரண்டு காசு இருந்தது,
பித்தளை நிறம், நடுவில் ஓட்டை.
ஒன்று உண்டியலில். ஒன்று என் கையில்.
"இது செல்லாதே" என்றார் குருக்கள்.
போனைக் கேட்டேன். "ஐந்து உறவு" என்றது.
மறுபடி கேட்டேன்.
"உறவு. ஐந்து."

நாகலாபுரத்தில் மீனாய் வந்த பெருமாளைப் பார்த்து
சயோகோ என்னவோ சொல்ல, மூவரும் சிரித்தார்கள்.
போன் அணைந்திருந்தது. நானும் சிரித்துவைத்தேன்.

திரும்பும்போது ஹிரோனகா வாய் பிளந்து தூங்கினார்.
தலை கண்ணாடியில் இடிக்காமல்
நடுவில் ஒரு துண்டைச் செருகினாள் அவர் மனைவி.
ஏசியை நிறுத்தி
என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.
தூங்குகிற ஆளை எழுப்பக் கூடாது இல்லையா,
சத்தியவேட்டில் மெல்லத்தான் போனேன்.
கம்மலுக்குத் துளை போட்டதுபோல் இருந்த அந்தக் காசு
கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, காத்து கம்மியா?"
பஞ்சர் கடைப் பையன்.
நாலு சக்கரத்திலும் காற்று சரியாக இருந்தது.
"பாத்துச் சொல்லு" என்று
ஓரம் கட்டினேன்.